மஸ்தான் பாய் பூசிய ட்ரம்மும் என் வேர்வைக் கையும்

எங்கள் மேல்வீட்டு நிவேதா பெருங்குடியில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க ஆர்.என்.ஏ.வோடு மல்லுக்கட்டுகிற வேலை. நானும் ஒரு காலத்தில் அதே கூத்தைத்தான் ஆடினேன் என்று தெரிந்ததிலிருந்து, லிஃப்டில் பார்த்தால்கூட விடுவதில்லை. போன வாரம் கேட்டாள்: "ஆன்ட்டி, உங்க காலத்துல சுத்தமான தண்ணிக்கு என்ன பண்ணீங்க? நாங்க சீல் வெச்ச பாட்டில்ல வாங்கிடுவோம்."

"நாங்க ட்ரம்முல ரொப்பி வெச்சோம்மா" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ட்ரம் என் பிழைப்பையே விழுங்கப் பார்த்த ட்ரம். அதிலிருந்து என்னை மீட்டவர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்து, அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போயிருக்கிறேன். இன்று பால் காய்ச்சி இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளங்கை வேர்க்கும். வெயிலுக்கு வேர்ப்பது வேறு. இது மார்கழியிலும் வேர்க்கும். பரீட்சை எழுதும்போது கைக்கடியில் மைஒற்றுத் தாள் வைத்துக்கொள்வேன். அது நனைந்து கிழியும். அம்மா படிகாரத் தண்ணீரில் கையை ஊறவைக்கச் சொல்லுவாள். ஊறவைத்தேன். கை சுருங்கியது, வேர்வை நிற்கவில்லை. எதைத் தொடுவதற்கு முன்னாலும் முந்தானையில் கையைத் துடைப்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. கோயிலில் பிரசாதம் வாங்குவதென்றாலும் துடைத்துவிட்டுத்தான் நீட்டுவேன்.

இப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்தது எங்கே? மனிதர் கைபட்டாலே பாழாகிப்போகிற ஒரு பொருளை வைத்து வேலை செய்யும் இடத்தில்!

பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தேன். அப்பா கோடம்பாக்கத்தில் ஸ்டுடியோ லைட்மேன். படப்பிடிப்பு இருந்தால் வீட்டில் மீன் குழம்பு, இல்லையென்றால் மோர். தங்கை படித்துக்கொண்டிருந்தாள். அடையாற்றில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது, தற்காலிகம்தான். ஒழுங்காக வேலை செய்தால் நிரந்தரம் ஆக்குவார்கள் என்றார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து, திரு.வி.க. பாலத்தில் ஆற்றுக்காற்று முகத்தில் அடிக்கும்போது கைகளை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காயவைத்துக்கொண்டே போவேன். கண்டக்டர் திட்டுவார்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் காமாட்சி. ஒன்பது கஜப் புடவை கட்டுகிற வீட்டில் பிறந்து, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். ஆறு கஜப் புடவை, அதன்மேல் வெள்ளைக் கோட்டு, காலில் ரப்பர் செருப்பு. அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்கே நாங்கள் நடுங்குவோம். யாரைப் பற்றியாவது யாராவது குறை சொல்லப் போனால், "நீ பாத்தியா, இல்லே நெனைச்சுண்டியா?" என்று கேட்பார். பாதிப் பேர் அதோடு திரும்பிவிடுவார்கள்.

எங்கள் வேலை இதுதான். ராயப்பேட்டையில் ஒரு பேக்கரியிலிருந்து ஈஸ்ட் வாங்கிவருவோம், ரொட்டி உப்புவதற்குப் போடுவார்களே, அது. அதைப் பீனாலோடு சேர்த்துக் கலக்கி, மேலே நிற்கும் தெளிவை எடுத்து, ஆல்கஹால் ஊற்றினால் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இறங்கும். அதுதான் ஆர்.என்.ஏ. அதிலிருந்து குறிப்பிட்ட ஒரே வகையை மட்டும் பிரித்தெடுப்பதற்குள் வாரக்கணக்கில் உயிர் போய்விடும். கடைசியில் சோதனைக்குழாயின் அடியில் சந்தனப்பொட்டு அளவுக்குத் தேறும்.

இந்தச் சின்ன ஆர்.என்.ஏ. ஒரு நூல். தண்ணீரில் சும்மா விட்டால் தொளதொளவென்று கிடக்கும். சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டு, மக்னீசியம் உப்பைச் சேர்த்தால் மடிந்து முறுக்கிக்கொண்டு ஓர் உருவத்துக்கு வரும். உலோக அயனி இல்லாமல் அந்த உருவம் நிற்காது. "நூலுக்கு மக்னீசியம்தான் முதுகெலும்பு" என்பார் டாக்டர். உருவத்துக்கு வந்த ஆர்.என்.ஏ.வை வைத்துத்தான் ராஜசேகர் ஆய்வுப்பட்டத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார். பிரித்தெடுப்பது அவர் பொறுப்பு. மடிக்கிற வேலை என் பொறுப்பு.

ஆர்.என்.ஏ.வுக்கு எமன் நம் வேர்வை. அதை நறுக்கிப்போடும் என்சைம் ஒன்று நம் தோலிலேயே இருக்கிறது. கொதிக்கவைத்தாலும் சாகாத சனியன் அது. ஆகவே கையுறை. அந்தக் காலத்துக் கையுறை என்பது கழுவி, காயவைத்து, பவுடர் போட்டு, கிழிகிறவரைக்கும் போடுவது. எனக்கு உள்ளே கொஞ்ச நேரத்தில் குளம் கட்டிவிடும். கழற்றிக் கவிழ்த்தால் சொட்டும். யாரும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய்க் கவிழ்ப்பேன்.

முதல் கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஒரு கோடை வந்தது. பட்டணம் பூராவும் தண்ணீர் இல்லை. குழாய் எப்போது வரும் எப்போது நிற்கும் என்று மாநகராட்சிக்கே தெரியாது. எங்களுக்கு வடிநீர் வேண்டும். குழாய் வந்தால்தானே காய்ச்சி வடிக்க முடியும்? ஸ்டோர் கீப்பர் கண்ணப்பன், பாவம், ஓடியாடி ஒரு வழி செய்தார். பழைய செப்பு ட்ரம் ஒன்றைத் தேடிப்பிடித்து, உள்ளே ஈயம் பூசவைத்து, குழாய் வருகிற நாளில் வடித்து அதில் நிரப்பிவைத்தார். நாங்கள் எல்லோரும் அவரைக் கொண்டாடினோம். வேலை நிற்காமல் நடந்தது.

அப்புறம்தான் என் ஆர்.என்.ஏ. உடைய ஆரம்பித்தது.

மடித்த ஆர்.என்.ஏ.வை ஜெல் என்கிற கூழ்ப்பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டு, மெத்திலீன் நீலம் ஊற்றிக் கழுவினால், முழுசாக இருந்தால் ஒரே ஒரு நீலக்கோடு தெரியும். எனக்கு அந்தக் கோடு மங்கி, கீழே உடைந்த துண்டுகளாகப் புதிதாக இரண்டு கோடுகள் தெரிந்தன. மறுபடி செய்தேன். மறுபடி அதே இரண்டு. கண்ணாடிச் சாமான்களை எல்லாம் அடுப்பில் வைத்து வறுத்தேன். தண்ணீரைக் கொதிக்கவைத்தேன். கையுறைக்கு மேல் கையுறை போட்டேன். கோவில் மடப்பள்ளியில்கூட அவ்வளவு ஆசாரம் இருந்திருக்காது. மூன்று கோடும் சிரித்துக்கொண்டு நின்றன.

ராஜசேகர் பிரித்து வைத்திருந்த ஆர்.என்.ஏ. மட்டும் கல்லுமாதிரி இருந்தது. அவர் கையில் உடையவில்லை. என் கைக்கு வந்தால் உடைந்தது. என்ன அர்த்தம்? யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ராஜசேகர் கெட்டவர் இல்லை. அவருக்கு உதவித்தொகை முடியப்போகிற நேரம். ஊரில் கல்யாணம் நிச்சயம் பண்ணிவைத்திருந்தார்கள். ஒருநாள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வேர்வை மேசையில் சொட்டியதை அவர் பார்த்துவிட்டார்.

"மிஸ் கோமதி, தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்களுக்கு இது ஒரு… உடம்புவாகு. நீங்க என்ன பண்ணுவீங்க? ஆனா இந்த வேலைக்கு உங்க கை ஆவாதுங்க. மேடம்கிட்ட நானே பேசிடறேன். எலிக்கூடத்துல ஆள் கேக்கறாங்க."

எலிக்கூடம் என்றால் எலிகளுக்குத் தீனி போட்டு, கூண்டு கழுவுகிற இடம். அங்கே போனவர்கள் யாரும் நிரந்தரம் ஆனதில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிட, அவர் சொல்வது உண்மை என்று எனக்கே பட்டதுதான் பெரிய கொடுமை. என் கையை எனக்குத் தெரியாதா? அன்று பஸ்ஸில் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டவில்லை. மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாடி, மூஞ்சி இப்படி கீது?" என்றாள். சொன்னேன். "எலி தானே? கடிக்காத எலியா பாத்துக்கோ" என்றாள். சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் டாக்டர் காமாட்சி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ராஜசேகர் விஷயத்தைச் சொன்னார், கௌரவமாகத்தான் சொன்னார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அவ கைதான்னு நீ பாத்தியா, நெனைச்சுண்டியா?"

"மேடம், அவங்க தொட்டா உடையுது. நான் தொட்டா உடையல."

"நான் தொட்டா?"

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"என் கையால பண்ணிப் பாக்கறேன். அது வரைக்கும் யாரும் எலிகிட்டப் போகவாண்டாம்."

ஒரு துறைத் தலைவர், உதவியாளர் செய்கிற வேலையை, அதே மேசையில், அதே ஸ்டூலில் உட்கார்ந்து செய்வதை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. "நீ எப்படிப் பண்ணுவியோ அப்படியே சொல்லிண்டு வா. உன் வழக்கத்துல ஒண்ணையும் மாத்தாதே" என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். ராஜசேகர் தந்த ஆர்.என்.ஏ.வைச் சவ்வுப்பையில் கட்டி, வடிநீரில் தொங்கவிட்டு, அதிலிருந்த மற்ற உப்புகளையெல்லாம் வெளியேற்றினார். எடுத்தார். சூடாக்கினார். ஆறவிட்டார். மக்னீசியம் சேர்த்தார். வெதுவெதுப்பில் வைத்தார். ஜெல்லில் ஏற்றினார். என்னை ஒரு குழாயையும் தொடவிடவில்லை. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், பள்ளிக்கூடத்தில் நிற்கவைத்த மாதிரி. மனசுக்குள், உடையணும், உடையணும் என்று வேண்டிக்கொண்டேன். உடைந்தால்தானே நான் தப்பிப்பேன்! அந்த நேரத்தில் கபாலீசுவரருக்கு என் வேண்டுதல் புரிந்திருக்குமா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது.

நீலத்தைக் கழுவினார். மூன்று கோடு.

டாக்டர் ஜெல்லை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "என் கையும் எலிக்கூடத்துக்குத்தான் லாயக்கு போலிருக்கு" என்றார். எனக்கு அடக்க முடியவில்லை. அங்கேயே நின்று அழுதுவிட்டேன். முந்தானையில் கையைத் துடைத்து, அதே முந்தானையில் கண்ணையும் துடைத்தேன்.

"அழறதை அப்பறம் வெச்சுக்கோ. இங்கே வா, ரெண்டு பேரும் பாருங்கோ." ஜெல்லைக் காட்டினார். "வேர்வை என்சைமா இருந்தா என்ன பண்ணும்? கண்ட இடத்துல கடிச்சுக் குதறும். பிட்டுப் பிட்டா, உதிர்ந்த புட்டு மாதிரி, ஜெல் முழுக்க மசமசன்னு நீலமா இருக்கணும். இது ஒரே இடத்துல, கத்தரிக்கோல் வெச்ச மாதிரி வெட்டியிருக்கு. எல்லாத் தடவையும் அதே இடம். கோமதியோட எல்லா ஜெல்லும் இப்படித்தானே?"

"ஆமா மேடம்" என்றேன்.

"அப்போ கையில்லே. வேற எதுவோ ஒண்ணு ஆர்.என்.ஏ. மடிஞ்சப்பறம் அதுக்குள்ளே போய் உக்காந்துண்டு வெட்டறது."

அப்புறம் அவர் செய்ததுதான் அழகு. மடிக்காமல் மிச்சமிருந்ததை இரண்டு குழாயாகப் பிரித்தார். ஒன்றில் துளி இ.டி.டி.ஏ. சேர்த்தார். அது உலோக அயனிகளை நண்டு மாதிரி கவ்விக்கொள்ளும் ஒரு பொருள். "என்சைம்னா இதைச் சட்டையே பண்ணாது, அது பாட்டுக்கு வெட்டும். உலோகமா இருந்தா மாட்டிக்கும்" என்றார். இரண்டையும் முன்போலவே சூடாக்கி, ஆறவிட்டு, மக்னீசியம் சேர்த்து ஜெல்லில் ஏற்றினார். இ.டி.டி.ஏ. போட்ட குழாய் ஒரே கோடு. போடாதது மூன்று கோடு.

ராஜசேகர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் ஆர்.என்.ஏ. ஏன் உடையவில்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவருடைய கரைசலில் எப்போதும் இ.டி.டி.ஏ. இருக்கும், வழக்கமாகப் போடுவது. என் வேலையில் அதைப் போட முடியாது. போட்டால் மக்னீசியத்தையும் சேர்த்துக் கவ்விக்கொள்ளும், ஆர்.என்.ஏ. மடியாது. அதனால்தான் மடிப்பதற்கு முன்னால் சவ்வுப்பையில் கட்டி அதை வெளியேற்றுவோம். அவர் பொருளுக்குக் காவல்காரன் இருந்தான். என் பொருளுக்கு இல்லை. அவ்வளவுதான் எங்கள் இருவர் கைக்கும் வித்தியாசம்.

"ஸாரிங்க மிஸ் கோமதி" என்றார். சும்மா வாயால் சொல்லவில்லை. அன்றைய மிச்சக் குழாய்களையெல்லாம் அவரே கழுவினார்.

உலோகம் எங்கிருந்து வந்தது? தண்ணீர் ஒன்றுதான் மாறியிருந்தது. ட்ரம் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, சொட்டு அமிலம் விட்டு, வற்ற வற்றக் காய்ச்சினோம். கடைசிக் கொஞ்சத்தில் பொட்டாசியம் அயோடைடு விட்டார் டாக்டர். தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் பூசின மாதிரி பளிச்சென்று மஞ்சள் இறங்கியது. காரீயம்! பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் இல்லை, விஷமான கறுப்பு ஈயம்.

கண்ணப்பனுக்கு முகம் செத்துவிட்டது. "மேடம், நல்ல ஆளாப் பாத்துத்தான் குடுத்தேன். மயிலாப்பூர்ல பாதி வீட்டுப் பாத்திரம் அவர்தான் பூசறாரு" என்றார். யார் என்று கேட்டேன். மஸ்தான் பாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தெருவுக்கு வருகிறவர்! துருத்தியும் கரியும் பாத்திரத்தில் தேய்க்கிற நவச்சாரமுமாகச் சைக்கிளில் வந்து, வேப்பமரத்தடியில் பள்ளம் தோண்டி உட்கார்ந்தால், எங்கள் வீட்டுப் பித்தளைத் தவலையும் அவர் முன்னால் வரிசையில் நிற்கும்.

அன்று சாயங்காலம் டாக்டர் என்னோடு மயிலாப்பூர் வந்தார். சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் மஸ்தான் பாய் கடை கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா சொல்றே? நம்ம கைல கலப்படமா? கோமதி, நீயே சொல்லு, உங்க வூட்டு தவலைக்கு எப்பனா நான் துரோகம் பண்ணிக்கீறனா?"

"உங்களைக் குத்தம் சொல்ல வரல்லே பாய்" என்றார் டாக்டர். "ட்ரம்முக்கு என்ன பூசினேள்னு மட்டும் சொல்லுங்கோ."

"நான் கேட்டுக்கினுதாம்மா வேலையத் தொட்டேன். சோறு பொங்கறதா, குடிக்கிறதான்னு கேட்டேன். ரெண்டும் இல்ல பாய், சும்மா ரொப்பி வெக்கிறதுன்னாரு ஸ்டோர் சாரு. வாய்ல படற பாத்திரம்னா சுத்த வெள்ளீயம், அல்லா மேல சத்தியம். இது வாய்ல படாதது. மூட்டெல்லாம் ஒழுகிக்கினு வேற கெடந்துச்சு. அதுக்குக் காரீயம் சேத்தாத்தான் நல்லா ஓடிப் புடிச்சுக்கும். எல்லாரும் அப்படித்தான் பண்றது."

டாக்டர் சிரித்தார். "நீங்க பண்ணினது சரி. கண்ணப்பன் சொன்னதும் சரி. அந்தத் தண்ணி எங்க வாயில படாதுதான். எங்க ஆர்.என்.ஏ. வாயில பட்டுடுத்து" என்றார். மஸ்தான் பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தன்மேல் பழி இல்லை என்று விளங்கியது. ட்ரம்மைக் கொண்டாரச் சொன்னார், சுரண்டிவிட்டு வெள்ளீயம் பூசித் தருவதாக. "வாண்டாம் பாய், அது அப்படியே இருக்கட்டும்" என்றார் டாக்டர். வடிநீருக்குக் கண்ணாடிப் புட்டிகள் வந்தன. ட்ரம் மூலையில் நின்றது.

மறுநாள் கரும்பலகையில் படம் போட்டு எங்களுக்கு விளக்கினார். ஆர்.என்.ஏ. மடியும்போது ஓர் இடத்தில் சின்னப் பொந்து உண்டாகிறது. அந்தப் பொந்தில் காரீய அயனி போய்க் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. அது தனியாக வருவதில்லை. கூடவே தண்ணீரின் ஒரு துணுக்கை ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தத் துணுக்கு, ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையில் இருக்கும் ஆக்சிஜனிடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. பறிகொடுத்த ஆக்சிஜன் சும்மா இருக்குமா? பக்கத்து பாஸ்பேட் கண்ணிமேல் பாய்கிறது. கண்ணி அறுகிறது. "அயனி வெட்டல்லே, வெட்டிக்கறது ஆர்.என்.ஏ.தான். அயனி கிட்டே உக்காந்துண்டு தூண்டி விடறது" என்றார். அப்போது ஆர்.என்.ஏ.வே ஒரு என்சைமாக இருக்க முடியும் என்று யாரும் நிரூபித்திருக்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தை வெகுநாள் அழிக்கவிடவில்லை.

ராஜசேகர் புதுத் தண்ணீரில் வேலையை முடித்தார், பட்டம் வாங்கினார், கல்யாணப் பத்திரிகையை முதலில் எனக்குத்தான் கொடுத்தார். அவருக்கான கடைசித் தொகுதியைத் தயார் செய்த அன்று, டாக்டர் அந்தச் சந்தனப்பொட்டு அளவு ஆர்.என்.ஏ. இருந்த குழாயை மூடி, என்னிடம் நீட்டினார். நான் கையுறை எடுக்க ஓடினேன்.

"எங்கே போறே? மூடித்தானே இருக்கு. பிடி."

"மேடம், கை ஈரம்…" முந்தானையைத் தேடினேன்.

"ஈரம் இருந்தா இருக்கட்டும். நழுவ விடமாட்டியோன்னோ? அது போதும்."

வாங்கினேன். நழுவவிடவில்லை. அந்த வருஷமே என்னை நிரந்தரம் ஆக்கினார்கள். தங்கை டீச்சர் ஆனாள். ஓய்வு பெறுகிறவரை அதே இடம், அதே வேலை. எலிக்கூடத்தின் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை.

ரொம்ப வருஷம் கழித்து, டாக்டர் காமாட்சி ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். நானே நரைத்துப்போயிருந்தேன். மயக்கத்தில் இருப்பார் என்று பயந்து போனால், மனுஷி தலையணைக்கடியிலிருந்து ஒரு ஆய்வுக் கட்டுரையை உருவுகிறார்!

"கோமதி, பாத்தியா? சின்னச் சின்ன ஆர்.என்.ஏ. என்சைம் பண்ணியிருக்கா. காரீயத்தை வெச்சுண்டு வெட்டறதாம். நம்ம ஆர்.என்.ஏ.விலேருந்துதான் ஆரம்பிச்சிருக்கா. மஸ்தான் பாய் ட்ரம் விஷயம் எவ்வளவு தூரம் போயிடுத்துடி!"

"நாமதான் முதல்ல பாத்தோம் மேடம். எழுதியிருக்கலாம்" என்றேன். எனக்கு ஆதங்கம்தான்.

"நமக்கு முன்னாடியே வேற யாராவது பாத்திருப்பா. நாம பாத்ததும் பொய்யில்லையே" என்றார். கையை நீட்டினார். ஊசி குத்திக் கன்றிப்போன கை. நான் பழக்கதோஷத்தில் முந்தானையை இழுத்து உள்ளங்கையைத் துடைக்கப் போனேன்.

"துடைக்காதேடி" என்றார். "அப்படியே குடு."